விலை கொடுத்தவனுக்கே விலங்கு

களவைத் தடுக்கப் போட்ட பூட்டு கள்வனை விட்டுவிட்டு, விலை கொடுத்து வாங்கியவனை வெளியே நிறுத்துமானால், அதைக் காப்பு என்று ஏற்க நாம் உடன்படோம். கணினி விளையாட்டு வணிகத்தில் ஆண்டுக்கணக்காக நடந்துவருவது இதுவே. இது நகரத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக் குறை, இதற்கு ஒரு தலையங்கம் எதற்கு என்று கருதுவோர் இருக்கலாம். காஹாங்கில் நின்று பார்த்தால் அவர்களே மனம் மாறுவார்கள்.

ஜொகூரில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் காஹாங். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செல்வோர் இங்கிருந்துதான் கம்போங் பெத்தாவை நோக்கித் திரும்புகிறார்கள். அந்த 56 கிலோமீட்டரும் தோட்டமும் காடுமாகவே கழியும். இவ்வட்டாரத் தோட்டக் குடும்பம் ஒன்றில், தேர்வில் நன்றாகத் தேறிய மகனுக்குத் தந்தை ஒரு கணினி விளையாட்டு வாங்கித் தருகிறார் என்று கொள்வோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். பெரிய நிறுவனம் வெளியிடும் புது விளையாட்டின் விலையோ 200 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. ஒரு வார உழைப்பில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது.

பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் வட்டு இருக்காது. எண்ணும் எழுத்துமாய்ச் சங்கேதம் அச்சிட்ட ஒரு தாள் இருக்கும். அதைப் பதிந்து, கணக்குத் தொடங்கி, பல பத்து கிகாபைட் அளவுள்ள கோப்பைக் கைப்பேசி இணைப்பின் வழியே இரவெல்லாம் இறக்க வேண்டும். இறக்கி முடித்தும் ஆட முடிவதில்லை. எங்கோ தொலைவில் உள்ள நிறுவனத்தின் வழங்கிக் கணினி, "இவன் வாங்கியவன்தான்" என்று சான்று சொல்ல வேண்டும். மாலை மழையில் அலைவரிசை நலிந்துபோனால், திரையில் 'இணைக்க இயலவில்லை' என்ற ஒற்றை வரியே மிஞ்சும். அவன் ஆட விரும்பியது தனியொருவனாக ஆடும் கதை. இணையத்துக்கு அதில் எந்த வேலையும் இல்லை. அதே விளையாட்டின் பூட்டுடைத்த படியைக் காசின்றி எடுத்துக்கொண்டவனை எந்த வழங்கியும் எதுவும் கேட்பதில்லை.

இவ்வாறு சொல்வதால் நாம் களவுக்குப் பரிந்து பேசுவதாக எவரும் கொள்ள வேண்டா. இரவுச் சந்தைகளில் களவு வட்டுகள் குவிந்துகிடந்த காலத்தை இந்நாடு மறக்கவில்லை. அதை ஒடுக்கவே 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. அமெரிக்கா தன் அறிவுசார் சொத்துக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து 2012இல்தான் மலேசியாவை நீக்கியது. இன்று நம் மண்ணிலும் விளையாட்டு படைப்போர் எழுந்துள்ளனர். மெட்ரோனோமிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' உலகெங்கும் விற்பனைக்குச் சென்றது. பல ஆண்டு உழைப்பை ஓர் இரவில் களவு கொடுக்கும் படைப்பாளியின் துயரம் மெய்யானது. அந்த உழைப்புக்குக் காப்பு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எத்தனை காலத்துக்குக் காப்பு என்பதே வினா. டெனுவோ என்னும் காப்பு நுட்பம் பற்றி 2024இல் வெளியான ஓர் ஆய்வு, பூட்டு முதல் வாரத்திலேயே உடைந்தால் விற்பனை வருவாயில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு இழப்பு நேர்வதாகக் கண்டது. பன்னிரண்டு வாரம் கடந்து உடைந்தால் இழப்பு ஏறத்தாழ ஏதுமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. நிறுவனங்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துப் பேசுகின்றன. நாம் இரண்டாம் பாதியையும் சேர்த்துப் படிக்கிறோம். மூன்று மாதத்தில் தன் வேலை முடிந்த பூட்டை ஆண்டுக்கணக்கில் வாங்கியவன் கணினியில் விட்டுவைப்பதற்கு அவர்கள் சொல்லும் நியாயம் என்ன? சில நிறுவனங்கள் தாமாகவே சில மாதங்களில் அதை நீக்கிவிடுகின்றன. மற்றவை ஏன் நீக்கக் கூடாது?

பூட்டு நீடித்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்றுகள் பல. 2008இல் வந்த 'ஸ்போர்' விளையாட்டை மூன்று கணினிகளில் மட்டுமே நிறுவலாம் என்று விதித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அதை ஐந்தாக்கினார்கள். அதன் களவுப் படியோ வெளியீட்டுக்கு முன்பே உலகெங்கும் பரவியிருந்தது. 2023 மார்ச் வெள்ளத்தைக் கண்ட ஜொகூர் மக்களுக்கு இவ்விதியின் கொடுமை விளங்கும்: வெள்ளத்தில் கணினி போனால் நிறுவும் உரிமையிலும் ஒன்று கூடவே போகும். 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் வழங்கிகள் முடங்கியபோது, 'அசாசின்ஸ் கிரீட் 2' வாங்கியோர் தம் வீட்டில் தனியே ஆடவும் இயலாமல் நின்றனர். 2021இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' விளையாட்டில், பூட்டுடைத்த படி விலைக்கு வாங்கிய படியைவிடத் தடங்கலின்றி ஓடியது. பிறகுதான் கேப்காம் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது.

பழைய வட்டுகளின் கதை இன்னும் வேதனைக்குரியது. கடையில் நேர்மையாக வாங்கி, உறை கிழியாமல் பேணிய வட்டு அது. அதில் சேஃப்டிஸ்க் என்னும் பூட்டு உண்டு. 2015இல் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்புக் கருதி அந்தப் பூட்டு இயங்குவதற்கான வழியை மூடிவிட்டது. வட்டு பழுதாகவில்லை, கணினியும் பழுதாகவில்லை. ஆனாலும் விளையாட்டு திறப்பதில்லை. பூட்டுடைத்த படியோ இன்றும் திறக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய ஒருவன் தன் பொருளைத் தான் பயன்படுத்துவதற்குக் களவுப் படியைத் தேடிப்போக நேர்வது எந்த அறத்துக்கும் அடுக்காது.

'தி க்ரூ' என்ற காரோட்டப் பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்டது. 2024 மார்ச் 31 அன்று அதன் வழங்கிகளை நிறுத்தியதோடு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் அது ஒரே நாளில் இல்லாமற்போயிற்று. தனியே ஆடவும் வழி விடவில்லை. அதனை எதிர்த்து எழுந்த இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடங்கிய குடிமக்கள் முன்முயற்சிக்கு 2025 ஜூலையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பங்கள் கிட்டின. மக்கள் குரலுக்குப் பயனில்லை என்று எண்ண வேண்டா. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டாவிட்டால் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் ஆட முடியாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2013இல். பயனீட்டாளர் சினங்கண்டு அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்விதியைக் கைவிட்டது. அவ்விதி நிலைத்திருந்தால் கம்போங் பெத்தா போன்ற இடங்களில் அக்கருவி வெறும் பெட்டியாகக் கிடந்திருக்கும்.

நம் சட்டம் யார் பக்கம் நிற்கிறது? 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 36ஏ பிரிவு, தொழில்நுட்பக் காப்பை மீறுவதைத் தடை செய்கிறது. ஆய்வுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் அதில் விலக்குகள் உண்டு. நிறுவனம் கைவிட்டுப்போன விளையாட்டைத் தன் வீட்டில் ஆட விரும்பும் வாங்கியவனுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் பூட்டுச் சட்டம் கடுமையானது. அங்கேயே, சான்று சொல்லும் வழங்கி நிறுத்தப்பட்ட விளையாட்டுகளுக்கு 2015இல் விலக்கு அளித்தார்கள். விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குமுன் தெளிவாகச் சொல்லும்படி கலிஃபோர்னியா இயற்றிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. பூட்டைக் காக்கச் சட்டம் இயற்றிய நம் நாடாளுமன்றம், பூட்டுக்கு வெளியே தவிக்கும் குடிமகனைக் காக்கவும் கடமைப்பட்டது.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதைத் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கெதிரான பகுதி ஏற்கெனவே இருக்கிறது. பக்கம் பக்கமாக நீளும் ஒப்பந்தத்தைத் திரையில் காட்டி, ஒரு சொடுக்கில் இசைவு வாங்கி, பின்னர் எப்போது வேண்டுமானாலும் பொருளைப் பறித்துக்கொள்ளும் விதி அதன்கீழ் வர வேண்டும் என்பதை ஐயத்துக்கிடமின்றி எழுதிவைக்க வேண்டும். தனியாள் விளையாட்டு இணையமின்றி இயங்க வேண்டும். வழங்கியை நிறுத்தும் நிறுவனம் அதற்கு முன்பே பூட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். விற்பனைப் பெட்டியின் முகப்பிலேயே இணையத் தேவையை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அச்சிட வேண்டும். நாம் கேட்பது இவ்வளவே.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கிய பொருள் திறக்கவில்லையென்றால் விதியை நொந்து களவுப் படியை நாடாதீர்கள். ரசீதையும் திரையில் வந்த பிழைச் செய்தியின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். விற்றவரிடம் எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லையேல் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை அணுகுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.