கம்பியில்லாத் தொலைபேசியும் மாணவர் கடமையும்

கம்பியற்றதெனப் புகழப்பெறும் கைப்பேசி உண்மையிற் பாதியே கம்பியற்றதாம். நமது குரல் அண்மைக் கோபுரம் வரை ரேடியோ அலையாய்ச் செல்கின்றது. அப்பால் பெரும்பாலும் நிலத்தினுட் புதைத்த கண்ணாடி இழை வழியே ஓடுகின்றது. நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பகுத்து, ஒரே அலைவரிசையைச் சேய்மை வட்டாரங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இவ்வேற்பாடு 1947-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுசாலையில் வகுக்கப்பெற்றது. சில அலைவரிசைகளைக் கொண்டு கோடிக்கணக்கான மக்கள் பேசுதல் இதனாற் கைகூடிற்று. ஆயின், கோபுரத்திற்கு மின்சாரம் அற்றவிடத்துக் கையிலுள்ள கருவி ஊமையாகும்.

26-12-2004 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலற்றபோது, போர்ட் பிளேயரிலிருந்த அமெச்சூர் ரேடியோக்காரர் சிலர், கோபுரமும் இழையும் வேண்டாத தம் கருவியால், உயிர் பிழைத்தோர் செய்தியை உறவினர்க்கு எட்டச் செய்தனர்.

கைப்பேசியை இகழ்தல் எம் கருத்தன்று. அதனையே நம்பியிருத்தல் தகாதென்பதே. சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்ற மாணவர் பதின்மரேனும் ஒவ்வொரு கல்லூரியிலும், சிறப்பாகக் கடற்கரையூர்க் கல்லூரிகளில், இருத்தல் வேண்டும். ஆபத்திற் பிறனுக்கு உதவக் கற்பதும் கல்வியே யன்றோ?