ஏடும் திருப்புளியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் படிப்போர் அனைவரும் பொறியியலைக் கையால் செய்து பழக வேண்டும் என்பதே என் கருத்து.

இது புதுமையன்று. தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் பிறந்தது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின்பொறியியல் முதலிய பாடங்கள் அதில் உள்ளன. நாமோ, மதிப்பெண் குறைந்தவர் சேரும் இடமென்று அதனை ஒதுக்கினோம்; அறிவியல் மாணவனை அரத்தைத் தொடாமலே அனுப்பினோம்.

விளைவு என்ன? ஓம் விதியை ஒப்பிப்பவனுக்கு வீட்டில் பியூஸ் ஏன் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. தான் கடைந்த தண்டு துளைக்குள் நுழைய மறுக்கும்போதன்றோ, திருகு அளவி காட்டும் 0.01 மில்லிமீட்டரின் அருமை விளங்கும்!

மற்றொரு நன்மையும் உண்டு. வீட்டில் பொறியாளர் இருந்தால் பிள்ளைக்கு வழி சொல்வார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் போன்றோர் நான்காண்டுப் படிப்பைக் கண்ணால் காணாமலே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பின் "இது எனக்கு ஒத்துவராது" என்று உணர்வதைவிடப் பள்ளிப் பட்டறையிலேயே உணர்வது மேலல்லவா? பிடித்துவிட்டால் துணிந்து சேரலாம்.

செலவாகுமே என்பீர்கள். பழைய மின்விசிறி, மிதிவண்டி, மல்டிமீட்டர், சில கருவிகள் போதும், தொடங்குவதற்கு. மூளைக்கு மதிப்பெண் தரும் பள்ளி, கைகளுக்கும் வாரம் இரண்டு பாடவேளை தரட்டும்!