கிரகணம் இல்லைங்க, ரூபெல்லா

1/
ஓபிக்கு ஒரு ஒன்றரை வயசுக் குழந்தை வந்தது. ரெண்டு கண்ணிலும் வெள்ளையா புரை. ஸ்டெதஸ்கோப் வைத்தால் இதயத்தில் இயல்புக்கு மாறான இரைச்சல். பின்னால் நின்று பலமா கை தட்டினேன். குழந்தை திரும்பவே இல்லை.

2/
"கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் சார், கேக்கல." இது மாமியார். அந்தப் பொண்ணு தலையே நிமிரல.

"மாசமா இருந்தப்ப காய்ச்சல், தடிப்பு ஏதாவது வந்துச்சாம்மா?"

"ரெண்டாவது மாசம் சார். அம்மை மாதிரி லேசா. மூணு நாள்ல போயிடுச்சு. வேப்பிலை வச்சோம்."

3/
கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை. இந்த மூன்றும் ஒரே குழந்தையிடம் இருந்தால் டாக்டருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது ரூபெல்லா. தாய்க்கு அது மூன்று நாள் காய்ச்சல், லேசான தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுதல், அவ்வளவுதான். பலருக்கு அதுகூடத் தெரியாது. வந்ததே தெரியாமல் போய்விடும்.

4/
ஆனால் கருவுக்கு அப்படி இல்லை. முதல் மூன்று மாதங்களில்தான் கண், காது, இதயம், மூளை எல்லாம் உருவாகிறது. அந்த நேரத்தில் வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போனால், உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்பு அப்படியே கெட்டுப்போகும். முதல் 12 வாரத்துக்குள் தொற்று வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்குப் பாதிப்பு வரலாம். கருச்சிதைவும் ஆகலாம்.

5/
இதை முதலில் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் கண் மருத்துவர் நார்மன் கிரெக். 1941ல் பிறவிக் கண்புரை உள்ள 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தத் தாய்மார்களில் பெரும்பாலானோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. எப்படித் தெரிந்தது? தாய்மார்களிடம் கேட்டார். பழி போடவில்லை, கேட்டார்.

6/
1964-65ல் அமெரிக்காவில் பெரிய ரூபெல்லா அலை. சுமார் 20,000 குழந்தைகள் இந்தப் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோதுதான் இது பிறப்போடு முடியும் கதை இல்லை என்று புரிந்தது. பிறக்கும்போது நன்றாக இருந்த காது பிறகு கேட்காமல் போகலாம். வளர்ந்த பிறகு சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு வரலாம். மூளை வளர்ச்சி பின்தங்கலாம்.

7/
கருவில் குழந்தையைத் தாக்கும் வைரஸ்கள் இன்னும் இருக்கு. சிஎம்வி, ஜிகா மாதிரி. அவற்றைத் தடுக்க நம்மிடம் தடுப்பூசி இல்லை. ரூபெல்லாவுக்கு 1969லிருந்து இருக்கு. அதனால்தான் எனக்குக் கோபம் வருது. இது விதி இல்லைங்க. நாம் தவறவிட்டது.

8/
2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி. எத்தனையோ பெற்றோர் அந்த நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது.

9/
"எம்எம்ஆர் போட்டா ஆட்டிசம் வரும்" என்பது 1998ல் வந்த ஒரு கட்டுரையில் கிளம்பியது. 2010ல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. உண்மை நேர்மாறானது. கருவில் ரூபெல்லா தாக்கிய குழந்தைகளிடம்தான் ஆட்டிசம் அதிகமாகக் காணப்பட்டது.

10/
"பையனுக்கு எதுக்கு டாக்டர் இந்த ஊசி?" அடிக்கடி கேக்குறாங்க. பிரிட்டனில் 1970ல் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் போட்டுப் பார்த்தார்கள். வைரஸ் பையன்களிடமும் சின்னக் குழந்தைகளிடமும் சுற்றிக்கொண்டே இருந்தது. 1988ல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாற்றினார்கள். உங்க பையனுக்குப் போடும் ஊசி பக்கத்து வீட்டு அக்காவின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

11/
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். 2017ல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் அந்த முகாமில் வரவில்லை. இன்று கல்யாணம் ஆகி, பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களில் பலர் அவர்கள்தான். சின்ன வயதில் தனியாரில் எம்எம்ஆர் போட்டவர்கள் தவிர, மற்றவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

12/
என்ன செய்யலாம்?
• குழந்தைக்கு 9 மாதத்தில் ஒன்று, 16-24 மாதத்தில் ஒன்று. அரசில் இலவசம். விடாதீங்க.
• ஊசி போட்டதற்கு ஆதாரம் இல்லாத பெண்கள், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எம்எம்ஆர் போட்டுக்கொள்ளலாம். அதன்பின் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடணும்.
• கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கூடாது. தடிப்போடு காய்ச்சல் வந்தால் வேப்பிலையோடு நிறுத்தாமல் உடனே டாக்டரைப் பாருங்க.

13/
அரசு மருத்துவராக அரசிடமே ஒரு வேண்டுகோள். வயது வந்த பெண்களுக்கு இந்த ஊசி தேசிய அட்டவணையில் இல்லை. பிரசவ வார்டில் டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு டோஸ் கொடுக்கலாமே? தாய்ப்பால் கொடுப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த பிள்ளையாவது தப்பிக்கும்.

14/
இலங்கை 1996லேயே பெண்களுக்கு ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியது. 2020ல் ரூபெல்லாவை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பக்கத்து நாட்டால் முடிந்தது நம்மாலும் முடியும்.

15/
அந்தக் குழந்தையை கண், காது, இதயம் மூன்று பிரிவுக்கும் அனுப்பினோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கண்புரைக்கு அறுவை சிகிச்சை, காதுக்குக் கருவி, பேச்சுப் பயிற்சி எல்லாம் உண்டு. முழுசா சரியாகும் என்று நான் சொல்லவில்லை.

மாமியாரை உட்கார வைத்துச் சொன்னேன்: "அம்மா, இது கிரகணம் இல்ல. உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்ல. ஒரு ஊசி கிடைக்காம போச்சு, அவ்ளோதான்."

அந்தப் பொண்ணு அப்போதான் நிமிர்ந்து பார்த்தது.

உங்க வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் இருந்தால் இன்னைக்கே கேளுங்க: "ரூபெல்லா ஊசி போட்டிருக்கியாம்மா?"