வைரஸ் வந்தால் பழி ஆருக்கு?

கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்தவுடன எங்கட வீடுகளில கேட்கிற முதல் கேள்வி, "ஆற்ற பென்ட்ரைவைக் குத்தினனி?" என்பதுதான். குத்தின பிள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டு நிற்கும். கடைக்காரர் ஃபோர்மட் அடிச்சு, ஒரு அன்டிவைரஸையும் போட்டு, "கண்டதையும் போடாதேங்கோ" எண்டு புத்தியும் சொல்லிக் காசு வாங்குவார். இந்தப் பழக்கம் பிழை என்கிறோம் நாங்கள். பூட்டில்லாத கதவைச் செய்து விற்றவரை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தவரை ஏசுகிற பழக்கம் இது.

வரலாற்றைப் பாருங்கள். 1971இல் பொப் தோமஸ் எழுதிய 'கிரீப்பர்' ஆர்ப்பாநெட் வழியே கணினிக்குக் கணினி நகர்ந்தது. அதைத் துரத்த ரே டொம்லின்சன் 'ரீப்பர்' எழுதினார். அது ஆய்வாளர்களின் விளையாட்டு. ஆனால் 1972இலேயே அமெரிக்க விமானப்படைக்கு எழுதப்பட்ட அண்டர்சன் அறிக்கை, பாதுகாப்பைப் பிறகு ஒட்டவைக்க முடியாது, தொடக்கத்திலேயே கட்டவேண்டும் என்று வாதிட்டது. மல்ரிக்ஸ் போன்ற பெரிய கணினி அமைப்புகளில் அந்தக் கட்டுப்பாடுகள் இருக்கவும் செய்தன.

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அவையெல்லாம் காணாமல் போயின. மலிவுதான் காரணம். எந்த நிரலும் எங்கேயும் எழுதலாம். போட்ட ஃபிளொப்பியில் முதலில் இருப்பதை இயந்திரம் கேள்வி கேட்காமல் இயக்கும். 1986இல் லாகூரின் பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' அந்த வழியால்தான் பரவியது. தங்கட முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்கள் அதற்குள்ளேயே எழுதியிருந்தார்கள். உலகம் அதற்கு 'பாகிஸ்தான் காய்ச்சல்' எண்டு பேர் வைத்தது. கதவைச் செய்தவரின் நாட்டின் பேரில் ஒரு காய்ச்சலும் இல்லை.

1988 நவம்பரில் ரொபேர்ட் மொரிஸ் விட்ட புழு இணையத்தை முடக்கியது. அவருக்கு 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேர சமூகசேவை, 10,050 டொலர் தண்டம். அவர் செய்தது சரியெண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புழு நுழைந்த ஓட்டைகளில் ஒன்று, 'சென்ட்மெயில்' மென்பொருளில் திறந்தே விடப்பட்டிருந்த பரிசோதனை வழி. அதை மூடாமல் அனுப்பியவர்களை ஒருவரும் கூண்டில் ஏற்றவில்லை.

அன்டிவைரஸ் காப்பாற்றவில்லையா எண்டு கேட்பீர்கள். பலரைக் காப்பாற்றியது, உண்மை. ஆனால் எல்லா வைரஸையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் சாத்தியமே இல்லை என்று 1980களிலேயே ஃபிரெட் கோஹன் நிறுவிவிட்டார். மருந்தின் எல்லை தெரிந்தும் பயத்தை விற்றார்கள். 1992 மார்ச் 6இல் 'மைக்கலாஞ்சலோ' 50 லட்சம் கணினிகள் வரை அழிக்கலாம் என்றார் ஜோன் மக்காஃபி. அந்த நாள் வந்து போனது, பாதிப்பு ஆயிரக்கணக்கில்தான். அதே வருடம் அவருடைய நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது.

இனிப் பென்ட்ரைவுக்கு வருவோம். குத்தியவுடன் உள்ளே இருப்பதைத் தானாகவே இயக்கும் 'ஓட்டோரன்' வசதியை வைத்தது விண்டோஸ். 2008இல் வந்த 'கொன்ஃபிக்கர்' பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. 2011 பெப்ரவரியில், பழைய விண்டோஸ்களிலும் பென்ட்ரைவுக்கான ஓட்டோரனை ஒரு அப்டேட்டால் மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. அந்த வழியால் வந்த தொற்றுகள் குறைந்தன எண்டு பிறகு அதுவே அறிவித்தது. பிள்ளைகள் திருந்தவில்லை. கதவைப் பூட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே அடுத்தமுறை ஃபோன் வாங்கப் போகும்போது கமெரா எத்தனை மெகாபிக்சல் எண்டு மட்டும் கேட்காதீர்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடத்துக்கு வரும் எண்டும் கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், தலையைக் குனியவேண்டியது நாங்கள் இல்லை.