நீர்ப்பிரயாணமும் உயிர்க்காப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உல்லாசக் கப்பல்களிலிருந்து பிரயாணிகள் கடலில் தவறி விழுவது குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை மனப்பூர்வமாக ஆமோதிக்கிறேன். கப்பல் தளத்தின் தடுப்புக் கம்பிகள் 42 அங்குலத்துக்குக் குறையலாகாதென்று அமெரிக்கா 2010இலேயே சட்டம் இயற்றியிருக்க, நம் நாட்டிலோ, 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் மாண்ட பின்னரும், அத்தகைய ஜாக்கிரதை வேரூன்றவில்லை. சென்ற விடுமுறையில் மலையக நீர்த்தேக்கமொன்றில் பேரப்பிள்ளைகளோடு நான் படகேறியபோது, உயிர்காப்பு அங்கிகள் ஆசனத்துக்கடியில் குவிந்து கிடந்தனவேயன்றி ஒருவருக்கும் அணிவிக்கப்படவில்லை. கேட்டதற்கு, "பத்து நிமிஷப் பயணந்தானே, ஐயா" என்றார் படகோட்டி. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுள் நீச்சல் அறிந்தோர் மிக அரியர். மலைநீரின் குளிரோ நீச்சலில் தேர்ந்தவரையும் விரைவில் சோர்வுறச் செய்வது.

ஆகவே, அனைவரும் அங்கி அணிந்தாலன்றிப் படகு கரையை விட்டு நகரலாகாதென்னும் நிபந்தனையைப் பிரதேச சபைகள் அனுமதிப்பத்திரத்திலேயே சேர்த்தல் வேண்டும். 2023இல் ஆரம்பமான நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பற் சேவையிலும், புறப்படுமுன் ஆபத்துக்கால நடைமுறைகளைத் தமிழில் செய்து காட்டுதல் நியதியாகட்டும். அதிகாரிகள் அடுத்த விடுமுறைக்கு முன்னரே ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலை ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹற்றன்.