காரைக்கால் பேயும் கண்முழிக் கொழுக்கட்டையும்

"அம்மா! நாளைக்கு டிபனுக்குப் பேய் வேணும்!"

பத்து வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடப் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு இப்படி உத்தரவு போட்டால் வீட்டில் என்ன நடக்கும்? சென்ற ஐப்பசியில் காரைக்கால்மேட்டில் என் கல்லூரித் தோழியின் வீட்டில் இதுதான் நடந்தது. நான் அங்கே இரண்டு நாள் விருந்தாளி. வெளியே மழை. படகுகள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஆக, வேடிக்கை பார்க்க ஆட்களுக்கும் பஞ்சமில்லை.

விஷயம் இதுதான். மறுநாள் அக்டோபர் 31. ஹாலோவீன் என்று மேல்நாட்டில் கொண்டாடுகிறார்களே, அதை இப்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களும் விட்டு வைப்பதில்லை. எல்லாக் குழந்தைகளும் பயங்கரமாகத் தோற்றமளிக்கும் பலகாரம் ஒன்று கொண்டு வர வேண்டுமாம். இனிப்பு கூடாது, காரம்தான். இதை முதல் நாள் மாலை நாலரை மணிக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்! பலகாரத்தைவிட இதுதான் பயங்கரம் என்றாள் தோழி.

காரைக்காலுக்கு இது முற்றிலும் அந்நியமான சமாசாரம் என்றும் தள்ளிவிட முடியாது. ஹாலோவீன் என்பது நவம்பர் 1-ந் தேதி வரும் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. 2-ந் தேதி கல்லறைத் திருநாள். இங்கே உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் பெரியவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால் 1954-ல் இந்தியாவிடம் வந்ததும் அதே நவம்பர் 1-ந் தேதிதான். அதனால் அன்று புதுச்சேரி, காரைக்கால் முழுவதும் விடுமுறை.

அயர்லாந்தில் ஆதியில் பூசணிக்காய் கிடையாது. டர்னிப் கிழங்கைக் குடைந்து அதற்குள் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பூசணிக்காய் வந்து சேர்ந்தது. அந்த இரவுக்கென்று உருளைக்கிழங்கையும் கீரையையும் மசித்து, உள்ளே ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பார்களாம். யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குக் கல்யாணம்! அவ்வளவு தூரம் போவானேன்? நம் வங்காளத்திலேயே, காளி பூஜைக்கு முந்திய சதுர்த்தசிக்குப் பூத சதுர்த்தசி என்று பெயர். பதினான்கு விளக்கு ஏற்றி, பதினான்கு வகைக் கீரை சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பதினான்கு வகையையும் ஆய்ந்து அலசும் அம்மணிகளின் முதுகு என்ன ஆகும் என்று பூதங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இத்தனையும் நான் பிரசங்கம் செய்து முடிக்கும்வரை தோழியின் மாமியார் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"கடக்கரையில குடியிருந்துகிட்டுப் பேய வச்சி விளையாடக் கூடாது."

தோழி என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. கடல் ஊருக்குள் வந்தபோது இந்த அம்மாளின் கடைசிப் பெண்ணுக்கு வயது பதினொன்று. அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. தனக்கு ஓர் அத்தை இருந்தாள் என்பது குழந்தைக்குப் புகைப்படத்தில் மட்டுமே தெரியும்.

எனக்கு என் பிரசங்கத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. கடைக்குப் போய் மிக்ஸர் பொட்டலம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

ஆனால் திண்ணையில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அப்பாயி, நம்ம அம்மையாரும் பேய்தானே? மாங்கனித் திருவிழாவுக்கு நீதானே என்னைக் கூட்டிக்கிட்டுப் போனே?"

நல்ல கேள்விதான்! ஆனி மாதத்தில் காரைக்கால் வீதிகளில் பிச்சாடனர் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பது யாருக்காக? புருஷன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்குத் தயிர்சோற்றோடு இட்டாளே, அந்தப் புனிதவதிக்காகத்தான். அவள்தான் பிறகு, அழகும் இளமையும் வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் பாடல்களில் காரைக்கால் பேய் என்றே கையெழுத்துப் போட்டாள். நாயன்மார் வரிசையில் எல்லோரும் நிற்க, அவருக்கு மட்டும் உட்கார இடம். ஹாலோவீன் கொண்டாடும் அமெரிக்காவிலேயே, கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் கலைக்கூடத்தில், கையில் தாளத்தோடு எலும்பும் தோலுமாக அம்மையார் வெண்கலச் சிலையாக அமர்ந்திருக்கிறார். வருஷம் முழுவதும்!

அப்பாயி வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மை கேட்டு வாங்கின உருவம் அது. கடையில விக்கிற முகமூடியில்ல" என்றார். அப்புறம், "ரத்தம், எலும்பு, பாடை இதெல்லாம் தட்டுல வரப்படாது. சரின்னா மாவை எடு" என்றார்.

எடுத்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம். அரைமணிக்கு மேல் ஆகாது.

ஒரு டம்ளர் இடியாப்ப மாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் டம்ளர் தண்ணீர். உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொதிக்க வைத்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். ஆறிப் போனால் விண்டு போகும். பாதி மாவைச் சுண்டுவிரல் பருமனுக்கு உருட்டி, நடுவில் கத்தியின் முதுகால் இரண்டு மூன்று கோடு அழுத்தினால் மூட்டு. நுனியில் தண்ணீர் தொட்டு, தோல் நீக்கிய வேர்க்கடலைப் பருப்பில் பாதியைப் பதித்தால் நகம். பூத விரல் தயார். மீதி மாவை நெல்லிக்காய் அளவு உருட்டி, வேக வைத்த கறுப்புக் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றிலும் அழுத்தி வையுங்கள். அது கண்முழி. இட்லிப் பானையில் பத்து நிமிஷம் வெந்தால் போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்து மெதுவாகப் புரட்டுங்கள்; வேகமாகக் கிளறினால் பூதம் நகத்தை இழந்துவிடும்.

கேழ்வரகு சேமியாவை நனைத்து ஆவியில் வேக வைத்துத் தாளித்தால் சிக்குப் பிடித்த பேய்த்தலை. அதன்மேல் இரண்டு கண்முழிகளை உட்கார்த்தி வைத்தபோது தோழியே ஒரு நிமிஷம் பின்வாங்கினாள். தக்காளிச் சட்னி அப்பாயியின் தடையுத்தரவில் மாட்டிக்கொண்டதால் கொத்துமல்லிச் சட்னி. பச்சை நிறம் பேய்க்கு நன்றாகவே இருந்தது.

தீபாவளியும் இதையொட்டி வருவதால் சீடை உருட்டலாமே என்று நான் சொன்னதற்கு மட்டும் மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். மழைநாளில் மாவு ஈரம் வாங்கியிருக்கும். உள்ளே அகப்பட்ட ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சீடை வெடிக்கிறது. எண்ணெய் முகத்தில் தெறிக்கும். செய்தே தீர வேண்டுமென்றால் மாவைச் சலித்து வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள். அழுத்தி வழவழப்பாக உருட்டாமல் லேசாக உருட்டித் துணியில் உலர விட்டு, ஊசியால் ஒரு குத்துக் குத்திப் போடுங்கள். குழந்தைகளை மட்டும் அடுப்பருகே விடாதீர்கள்.

கடைசியில் ஒரு பிடி மாவு மிஞ்சியது. அப்பாயி அதை யோசிக்காமல் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிடி கொழுக்கட்டை. நாலு விரலின் பள்ளமும் அப்படியே விழுந்திருந்தது.

"இதுதான் அப்பாயி நிஜமான விரல்!" என்றாள் குழந்தை.

"உங்க அத்தையும் இப்படித்தான்" என்றார் அப்பாயி. தோழியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "பிடிச்சுக் குடுத்தா உடனே திங்க மாட்டா. என் விரல் பள்ளத்துல அவ விரலை வச்சி வச்சிப் பாப்பா. எப்ப எனக்கு ரொம்பும்னு கேப்பா."

குழந்தை தன் நாலு விரலையும் அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. "அத்தைக்குக் காரம் பிடிக்குமா?" என்று கேட்டாள். பிடிக்கும் என்றார் அப்பாயி. அன்றிரவு சாப்பாடு ஆறி அவலாகும்வரை பேச்சு ஓயவில்லை.

மறுநாள் டிபன் டப்பா காலியாகத் திரும்பி வந்தது. பூத விரல்களுக்கு ஏக அடிதடியாம். அந்தப் பிடி கொழுக்கட்டையை மட்டும் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகவில்லை.