கிண்டி மானுக்கு பிஸ்கட்டும் வேண்டாம், சோயா வயலும் வேண்டாம்

பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகக் குழந்தையோடு கிண்டி போகிறவர்கள் சிலர், மானுக்கென்றே பையில் பிஸ்கட் வைத்திருப்பார்கள். பாசம்தான். ஆனால் அசைபோடும் வயிற்றுக்குள் மாவுச்சத்து திடீர்னு அதிகமாகப் போனால் அமிலம் ஏறிடும். கவர் கீழே விழுந்தால் இன்னும் மோசம். பக்கத்து ஐஐடி வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது ஏற்கெனவே செய்தியானதுதான்.

'சரி, பயிராவது விதைக்கலாமே?' அமெரிக்காவில் மானுக்கென்றே சோயா விதைக்கிறார்கள். புரதம் நிறைந்த இலைக்கு மான் தேடி வரும், சீசனில் சுடலாம். இங்கே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அப்புறம் எதுக்கு அந்த வயல்?

கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கி.மீ.தான். அதற்குள் புள்ளிமான் புல், தழை, உதிர்ந்த காய்னு எதையாவது தின்னு சமாளிச்சிடும். வெளிமானுக்கு அது முடியாது. பேரிலேயே இருக்கு, அதுக்கு வெட்டவெளி வேணும். புல்வெளிக்குள் புதரும் மரமும் நுழைய நுழைய அதன் இடம் சுருங்குது. மரக்கன்றோடு கிளம்பும் தன்னார்வலர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் பணமும் ஆளும் போக வேண்டியது பூங்காவின் போலோ மைதானப் புல்வெளிக்கு, அங்கே புதரை அகற்றி நாட்டுப் புல்லை வளரவிடுவதற்கு.